நூற்றில் பத்து சாஸ்தாவுக்கு

1

"டீச்சர், எங்கப்பா கேன்ல பொட்டக்கன்னு மட்டுந்தான் இருக்காம். காளங்கன்னு வேண்டாம்னு யாரு டீச்சர் சொன்னது? சாமியா, எங்கப்பாவா?"

கேட்டவள் டயானா. இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மில்லர்புரத்துச் சிற்றாலயத்தின் பின்கட்டில் சிறு பிள்ளைகளுக்கு நான் மறைக்கல்வி எடுக்கிறேன். அன்றைய பாடம், கடவுள் எல்லாவற்றையும் படைத்தார், எல்லாம் நன்றாக இருந்தது என்பது. டயானாவின் அப்பா ஹென்றி பால் சங்கத்தில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர்.

"அடுத்த வாரம் சொல்லுதேன் பிள்ளே" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, படத்திலிருந்த பசுவுக்குப் பச்சை வண்ணம் அடிக்கத் தொடங்கினாள்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அங்கிருந்துதான். அடுத்த வாரம் போய் ஏறத்தாழ அரையாண்டு ஆகப்போகிறது. பதில் சொல்வதற்குப் பதிலாகக் கதை எழுத உட்கார்ந்தேன். அதுவும் சரியாக வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

'பெண் கன்றாகப்போகும் உயிரணுவில், ஆண் கன்றாகப்போகும் உயிரணுவைவிட மரபுப்பொருள் ஒரு சிட்டிகை கூடுதல். அந்தச் சிட்டிகையைச் சாயமேற்றி, ஒளி பாய்ச்சி, இயந்திரம் கண்டுபிடித்து'

நிறுத்திவிட்டேன். ஆனால் செய்தி தேவை, ஆகவே சுருக்கமாக: காளையின் விந்திலிருந்து ஆண், பெண் உயிரணுக்களைப் பிரிக்கிறார்கள். பெண்ணை மட்டும் மெல்லிய குச்சிகளில் அடைத்து, ஆவி பறக்கும் கடுங்குளிர்த் திரவத்தில் மூழ்க வைக்கிறார்கள். ஹென்றி அதைக் கேனில் வைத்து இருசக்கர வண்டியில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார். ஊரார் அதைப் பொட்டக்கன்னு ஊசி என்கிறார்கள்.* நல்ல காரியத்துக்காகத்தான் இது வந்தது. வளர்ந்து பால் கொடுக்கும் கிடேரிக்கன்று எல்லா வீட்டுக்கும் வேண்டும். காளைக்கன்று யாருக்கும் வேண்டாம். உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. பிறந்த காளைக்கன்றுக்குப் பால் விடாமல் காயப்போட்டுச் சாகவிடுவதும், தரகர் வண்டியில் ஏற்றிவிடுவதும் நாம் அறிந்தவை. பிறந்த பின் கொல்வதைவிடப் பிறக்காமல் இருப்பது கருணை என்று ஹென்றி சொல்கிறார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். டயானாவிடம் அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

(* குத்தும் ஊசி அல்ல. முழங்கைக்கு மேல் உறை மாட்டிக்கொண்டு, நீண்ட குழாய் ஒன்றின் வழியாகக் கருப்பை வாயில் செலுத்துவது. ஆனாலும் ஊசி என்றுதான் எல்லோரும் சொல்கிறோம்.)

இரண்டாவது தொடக்கம்:

'இந்தக் கடற்கரையில் ஒரு காலத்தில் முத்துக்குளிப்பு முடிந்ததும், முத்தில்லாத சிப்பிகள் மணலில் மலைபோல் அழுகிக் கிடக்குமாம். வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததை'

இதை ஹென்றியிடம் படித்துக் காட்டினேன். அவருடைய பூர்வீகம் கீழவைப்பார். "எங்க தாத்தா முத்துக் குளிச்சதில்ல டீச்சர். சங்குதான் குளிச்சாரு. முத்தெல்லாம் கதை எழுதறவங்களுக்குத்தான் ஆம்புடுது" என்றார். அந்த வரிகளை அடித்துவிட்டேன்.

மூன்றாவது, ஹென்றி ஊசி போடப் போகும் வீடு ஒன்றைப் பற்றி:

'பேச்சிச்செல்வி ஓர் ஏழை விதவை.'

"அவங்க வீட்டுக்காரர் இருக்காரே டீச்சர். அவர ஏன் கொல்லுதீங்க?" என்றார் ஹென்றி.

அதையும் அடித்தேன். அடித்த கோட்டுக்கடியில் அந்த வாக்கியம் இன்னும் படிக்கும்படியாகத்தான் இருக்கிறது.

3

பேச்சிச்செல்வியின் ஊர் ஏரலுக்குக் கிழக்கே, தாமிரபரணி கடலில் சேர்வதற்கு முன் கடைசியாக நெல்லுக்குத் தண்ணீர் தரும் வயல்களின் நடுவில் இருக்கிறது. ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் யாராவது போய் அவளிடம் கேட்பார்கள். ஏன் கேட்கக் கூடாது என்பது கடைசியில் தெரியும்.

அவள் கணவர் ராஜபாண்டி, ஆறுமுகநேரி உப்பளங்களிலிருந்து துறைமுகத்துக்கு உப்பு லாரி ஓட்டியவர். ஒரு நாள் லாரியை ஒழுங்காக ஓரங்கட்டி, கைப்பிரேக் போட்டு, இறங்கி, இறங்கிய இடத்திலேயே சரிந்தார். பக்கவாதம். பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் பேச்சிச்செல்வியும் ராஜபாண்டியின் அக்காள் அருணாசலவடிவும் உட்கார்ந்திருந்தார்கள். அங்கேதான் பேச்சிச்செல்வி முந்தானையில் முடிச்சுப் போட்டுக்கொண்டு நேர்ந்தாள்:

"சாஸ்தாவே, இவர எனக்குத் திருப்பிக் குடும். இனி எங்க வீட்டுல பொறக்குற மொத காளங்கன்ன ஒமக்கு விடுதேன்."

அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் இது வழக்கமான நேர்ச்சைதான். குளத்தங்கரைச் சாஸ்தா அவர்களுடைய குலதெய்வம். நேர்ந்த காளைக்கன்றின் காதில் சிறு வெட்டு வெட்டி, மஞ்சள் பூசி, கோயிலில் விட்டுவிட வேண்டும். அதன்பின் அது சாமியின் மாடு. யாரும் அதை விற்கவோ கட்டவோ கூடாது.

ராஜபாண்டி பிழைத்தார். கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். பேச்சில் மட்டும் ஒரே ஒரு சொல்தான் திரும்பி வந்தது. 'சரி.' சோறு போடவா என்றால் சரி. மழை வருது என்றால் சரி. வலிக்குதா என்றாலும் சரி.

வீட்டை ஓட்டியது மைனா என்ற ஜெர்சிக் கலப்புப் பசுவின் பால்தான். மைனாவுக்கு வயதாகிவிட்டது. இன்னும் ஒரு ஈற்று, மிஞ்சிப் போனால் இரண்டு. இப்போது ஒரு கிடேரி பிறந்தால் அது வளர்ந்து மைனாவின் இடத்தில் நிற்கும். காளைக்கன்று பிறந்தால் அது சாஸ்தாவுக்குப் போகும். மைனாவுக்குப் பின் தொழுவம் வெறிச்சோடும். அதே சமயம் கொடுக்கவேண்டிய காளையைக் கொடுக்காவிட்டால், கொடுத்த ஆளைச் சாமி திரும்பக் கேட்குமோ என்ற பயம்.

4

(இந்தப் பகுதியை ஹென்றி சொன்னபடியே எழுதுகிறேன். நடையை மட்டும் கொஞ்சம் சீராக்கியிருக்கிறேன். பேச்சைத் தொடவில்லை.)

மைனா சினைக்குக் கத்திய அன்று சாயங்காலம் ஹென்றி போனபோது பேச்சிச்செல்வி தொழுவத்தில் நின்றாள்.

"காலையிலேருந்து கத்துது தம்பி. வழும்பு கண்ணாடி கணக்கா ஒழுகுது."

"அக்கா, ரெண்டு மாதிரி ஊசி இருக்கு. சாதா ஊசி போட்டா காளையா கெடேரியான்னு அது இஷ்டம். இன்னொண்ணு பொட்டக்கன்னு ஊசி. ஆனா அதுல சினை பிடிக்கது கொஞ்சம் கம்மி. இளங்கெடேரிக்குன்னா நல்லாப் பிடிக்கும். மைனாவுக்கு வயசாச்சு, பாத்துக்கிடுங்க."

"பொட்டையேதான் வருமா?"

"நூத்துக்குத் தொண்ணூறு."

"மிச்சம்?"

"மிச்சம் பத்து காளையா வரலாம். மிசினுக்கும் கண்ணு தப்பும்லா."

அவள் மைனாவின் முதுகில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். நேர்ச்சையைப் பற்றி அப்போதுதான் ஹென்றியிடம் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"அந்தப் பத்து மெய்யாவே இருக்குல்லா தம்பி? சும்மா பேச்சுக்குச் சொல்லலியே?"

"மெய்யாவே இருக்குக்கா."

"அப்பம் அந்தப் பத்து சாஸ்தாவுக்கு இருக்கட்டும். அவருக்கு வேணும்னா அதுக்குள்ள வந்து எடுத்துக்கிடுவாரு. பொட்ட ஊசியே போடுங்க."

ஹென்றி வெதுவெதுப்பான தண்ணீர் கேட்டு வாங்கி, குச்சியை அதில் இளக்கி, வேலையை முடித்துக் கையுறையைக் கழற்றினார்.

இந்த இடத்தில் நான் பல நாள் நின்றுவிட்டேன். பேச்சிச்செல்வி செய்தது தந்திரமா, நம்பிக்கையா? தந்திரம் என்று ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் வந்தது, படிப்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் எழுதி முடித்ததும் அவளுடைய வீட்டில் சொல்லாமல் எதையோ எடுத்துக்கொண்டு வந்தது போலிருந்தது. ஹென்றியிடம் கேட்டேன்.

"முழு நூறும் பொட்டைன்னு ஒரு ஊசி இருந்திருந்தா, அத அவங்க போட்டிருக்க மாட்டாங்க டீச்சர்."

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

5

அருணாசலவடிவை நான் முதலில் கெட்டவராக எழுதினேன். அது எளிது. கதைக்கு ஒரு நாத்தனார் கிடைத்தால் நமக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் அந்த அம்மா வாரந்தோறும் தம்பிக்கு முருங்கைக்கீரை ஆய்ந்து கொண்டுவருகிறவர். அவருடைய கோபம் எல்லாம் தம்பியின் உயிரைப் பற்றிய பயம். அதை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

"ஏளா பேச்சி, சாஸ்தாவுக்குக் காளைய நேந்துக்கிட்டு, பொட்டைக்கு ஊசி போட்டியாமே. கடைக்காரன்ட்ட நாளைக்குத் தாரேன்னு சொல்லிட்டு, ராத்திரியோட ராத்திரியா கடையவே இடிச்ச மாதிரில்லா இருக்கு."

"இடிக்கல மதினி. கதவு தொறந்துதான் வச்சிருக்கேன்."

"கதவாம். நூத்துல பத்தாம். அந்த ஊசிக்காரன் சொன்னானாக்கும்? அவன் கடக்கரைக்காரன். அவனுக்கு மீனுல ஆணு பொண்ணு தெரியும். மாட்டுல என்ன தெரியும்?"

ஹென்றி அப்போது வாசலில்தான் நின்றார். "மீனுலயும் தெரியாது பெரிம்மா. அதனாலதான் மாட்டுக்கு வந்தேன்."

"வாயப் பாரு. ஏலே ராஜா, ஒம் பெண்டாட்டி சாமிய ஏமாத்துதா. கேட்டியா?"

"சரி" என்றார் கட்டிலில் இருந்த ராஜபாண்டி.

"என்னத்த சரி? அவ செஞ்சது சரியா, நான் சொல்லுதது சரியா?"

"சரி."

அருணாசலவடிவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே தம்பியின் வாயோரம் ஒழுகியதைத் தன் முந்தானையால் துடைத்தாராம்.

அந்தத் தடவை சினை பிடிக்கவில்லை. மூன்று வாரத்தில் மைனா மறுபடி கத்தியது. "பாத்தியா" என்றார் அருணாசலவடிவு. சாதா ஊசியே போடலாமா என்று ஹென்றி கேட்டார். வேண்டாம், சொன்னது சொன்னதுதான், அந்தப் பத்தை மாற்ற வேண்டாம் என்றாள் பேச்சிச்செல்வி. இரண்டாவது தடவை பிடித்தது.

6

டயானா கேள்வி கேட்டது மைனா நிறைசினையாக இருந்தபோதுதான். கேள்விக்கு ஹென்றியிடம் பதில் தேடப் போய், ஹென்றி இந்த வீட்டைப் பற்றிச் சொல்லி, ஒரு சனிக்கிழமை ஏரல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பேச்சிச்செல்வியை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். நான் அவளை எப்படி எழுதினாலும் அந்த ஒரு முற்பகலின் வெளிச்சத்தில்தான் எழுத முடியும்.

காப்பி கொடுத்தாள். என் கழுத்தில் கிடந்த செபமாலையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"நீங்க மாதா கோயில்காரவதான? உங்க கோயில்ல, நேந்தது ஒண்ணு, குடுக்க முடியாமப் போயி, வேற ஒண்ணக் குடுத்தா ஒத்துக்கிடுவாங்களா?"

பங்குச் சாமியாரிடம் கேட்டால் மாற்றித் தருவார் என்றேன்.

"எங்க சாமிக்குக் கேக்கதுக்கு ஆளு இல்லம்மா. நாமளேதான் கேட்டு நாமளேதான் பதில் சொல்லிக்கிடணும்."

எனக்கு அவளை ஆறுதல்படுத்தத் தோன்றியது. "கடவுள் கணக்குப் பார்க்க மாட்டாரும்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. "பாக்கணும்மா. பாக்காட்டா நாம யாருக்குக் குடுக்கோம்?"

கட்டிலிலிருந்து, "சரி" என்றார் ராஜபாண்டி.

[இந்த இடத்தில் என் பதில் ஒன்றை எழுதியிருந்தேன். அன்று நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. எடுத்துவிட்டேன்.]

என்னை பஸ் ஏற்றிவிடக் கூட்டிப்போகும் வழியில் ஹென்றி குளத்தங்கரையில் வண்டியை நிறுத்தினார். சாஸ்தா கோயில் சின்னது. பூசாரி தங்கப்பாண்டி கம்பிக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். பூவரச மர நிழலில் சில கன்றுகள் நின்றன. எல்லாம் காது வெட்டுப்பட்ட காளைக்கன்றுகள். ஒன்று மட்டும் படியோரம் படுத்திருந்தது. முன்னங்கால் ஒன்று வீங்கியிருந்தது. ரோட்டில் ஏதோ வண்டி தட்டிவிட்டதாம். எண்ணெய் படிந்த வாழையிலையை அது நக்கிக்கொண்டிருந்தது.

"இங்கன கொண்டாந்து விட்டுட்டு, போன்ல படம் எடுத்துட்டுப் போயிடுதாவ" என்றார் பூசாரி. "முந்தியெல்லாம் நாட்டுமாடு. வளந்த கன்ன விடுவாவ. ஊர் பூரா மேஞ்சி திமிலோட நிக்கும். இப்பம் பால்குடி மறக்காத கன்னக் கொண்டாந்து விட்டா அது என்னத்தத் திங்கும்? நான் காலம்பற ஒரு நேரம் தொறக்கேன், வைக்கோல் அள்ளிப் போடுதேன். அதுக்குத் திங்கத் தெரியல. எனக்கும் வயலு வேலை இருக்கு."

என் பையில் பிஸ்கட் இருந்தது. நீட்டினேன். கன்றுக்கு அது என்னவென்று தெரியவில்லை. என் விரலைக் கவ்விக்கொண்டு சப்பத் தொடங்கியது. அந்தச் சின்ன வாய் அத்தனை பலமாக இழுக்கும் என்று நான் நினைக்கவில்லை. விரலில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் அது விடவில்லை.

7

மைனா ஈனுவதற்கு முன்பே மூன்று முடிவுகளை எழுதி வைத்தேன். எழுதுகிறவர்களுக்கு இந்த அவசரம் உண்டு.

முடிவு ஒன்று. கிடேரி பிறக்கிறது. வீடு பிழைக்கிறது. நேர்ச்சை கழுத்தில் தொங்குகிறது.

முடிவு இரண்டு. காளைக்கன்று பிறக்கிறது. சாஸ்தா தமக்கு விட்ட பத்துக்குள் வந்து எடுத்துக்கொண்டார். அருணாசலவடிவு கையெடுத்துக் கும்பிடுகிறார். ஊர் கூடுகிறது. பேச்சிச்செல்வி கன்றுக்கு மஞ்சள் பூசிக் குளத்தங்கரைக்கு நடத்திக்கொண்டு போகிறாள். படியருகே

இதற்கு மேல் எழுத முடியவில்லை. அந்தப் படியை நான் பார்த்திருக்கிறேன்.

முடிவு மூன்று. இரட்டைக் கன்று! ஒன்று காளை, ஒன்று கிடேரி. சாமிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. இது தோன்றியபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. இப்படியே நடக்க வேண்டும் என்று மாதாவுக்கு ஒரு மெழுகுதிரியும் ஏற்றினேன். பிறகு எதற்கும் கேட்டுவிடலாம் என்று ஹென்றிக்குப் போன் செய்தேன்.

"அப்படி ஜோடியாப் பொறந்தா அந்தப் பொட்டை பெரும்பாலும் மலடாத்தான் இருக்கும் டீச்சர். வயித்துக்குள்ளயே ரெத்தம் கலந்துரும்."

போனை வைத்தேன். எல்லோருக்கும் நல்லதாக முடிய வேண்டும் என்று நான் எழுதிய ஒரே முடிவும், உள்ளுக்குள் மலடாக இருந்தது.

8

நடந்தது இது.

ஐப்பசி மழையில், ஒரு மத்தியானம், மைனா கன்று போட்டது. பேச்சிச்செல்வி வழுக்கும் உடம்பை வைக்கோலால் துடைத்துவிட்டு, வாலைத் தூக்கிப் பார்த்தாள். கிடேரி. தரையிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். ஹென்றி அந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தார். அவளுக்கு நல்ல சேதி சொல்கிற முகமும் இல்லை, கெட்ட சேதி சொல்கிற முகமும் இல்லை.

"அவரு வரல தம்பி" என்றாள்.

யார் என்று ஹென்றி கேட்கவில்லை.

கன்றைக் கட்டிலருகே தூக்கிக்கொண்டு போய்க் காட்டினாள். ராஜபாண்டி நல்ல கையால் அதன் நெற்றியைத் தொட்டு, "சரி" என்றார்.

கார்த்திகையில் அவர் இறந்துபோனார். இன்னொரு முறை மூளையில் ரத்தம் உறைந்துவிட்டது என்றார்கள் டாக்டர்கள். ஊரில் வேறு விதமாகச் சொன்னார்கள். அருணாசலவடிவு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. 'பாத்தியா' என்று சொல்ல அவருக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. அந்தச் சொல் அவர் வாயில் வரவேயில்லை. இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் இடம் அதுதான். யாராவது அதை எனக்கு முன்பே கவனித்திருந்தால் நன்றி.

பதினாறாம் நாள் முடிந்து ஆட்கள் போனபின் அவர் சொன்னது இவ்வளவுதான்: "இனி காளை விட்டா என்ன, விடாட்டா என்னளா. ஆளே போயாச்சு. நீ அத மறந்துரு."

"ரெண்டு வருசம் இருந்தாவல்லா மதினி" என்றாள் பேச்சிச்செல்வி. "அந்தக் கட்டில்ல இருந்து சரி சரின்னு சொல்லிக்கிட்டு இருந்தாவல்லா. அது கேட்டு வாங்குனதுதான?"

பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். 'பேச்சிச்செல்வி ஓர் ஏழை விதவை.' நான் அடித்த கோடு அப்படியே இருந்தது. அந்த வாக்கியத்துக்கும் நடந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தத் தாளை மடித்து வேறு இடத்தில் வைத்தேன்.

9

ஏரல் பக்கத்தில் பால் கறக்கும் முறை ஒன்று உண்டு. பசுவுக்கு நான்கு காம்பு. மூன்றை விற்பனைக்குக் கறந்துகொள்வார்கள். ஒன்றைக் கன்றுக்கு விட்டுவிடுவார்கள். கிடேரிக்கன்று என்றால் கட்டாயம் விடுவார்கள். காளைக்கன்றுக்குப் பல வீடுகளில் அதுவும் கிடையாது.

தை பிறந்தபின் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து ஆலய வாசலில் ஹென்றி என்னிடம் வந்தார்.

"டீச்சர், பேச்சியக்கா சங்கத்துக்கு ஊத்துற பால் கொறஞ்சிருக்கு. என்னக்கான்னு கேட்டேன். மாடு வத்துது தம்பிங்காவ."

"வத்துதா?"

"ஈன்ன சூட்டுல எந்த மாடு வத்தும்? மடியத் தொட்டுப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. மூணு காம்பும் கறந்திருக்கு. ரெண்டு காம்புப் பால்தான் சங்கத்துக்கு வந்திருக்கு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அப்படியாக்கா, தாது உப்பு வாங்கிப் போடுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

துறைமுகப் பக்கம் கப்பல் ஒன்று ஊதியது. பிறகு, வேறு எதையோ சொல்வதுபோலச் சொன்னார்:

"பூசாரியப் பாத்தேன். அன்னைக்கு நாம பாத்தமே, கால் வீங்குன கன்னு. அது இன்னும் சாகல டீச்சர். எழுந்து நிக்குது. நான் ஒண்ணும் செய்யல, சாஸ்தாதான் பாத்துக்கிடுதாருங்காரு."

"யாரும் எதுவும் பாக்கலியா?"

"யாரும் பாக்கல. நானும் அந்தப் பக்கம் மத்தியானத்துல போறதில்லன்னு வச்சிருக்கேன்." செருப்பு நுனியால் மணலைக் கிளறினார். "வெளிய சொல்லாதீங்க."

"எழுதலாமா?"

"ஊர்ப் பேரு இல்லாம."

ஆகவே நீங்கள் இப்போது அறிந்திருப்பது இது. வீட்டில் பிறக்காத ஒரு காளைக்குப் பதிலாக, சாமியிடம் ஏற்கனவே இருந்த ஒரு காளைக்கு, மைனாவின் மூன்றாவது காம்புப் பால் போகிறது. போகிறது என்று நானும் ஹென்றியும் நினைக்கிறோம். பார்த்தவர் கிடையாது.

அன்றே வகுப்பில் டயானாவைக் கூப்பிட்டேன். "பிள்ளே, நீ ஒரு கேள்வி கேட்டியே, அதுக்குப் பதில் சொல்லட்டா?"

"எந்தக் கேள்வி டீச்சர்?"

நினைவூட்டினேன். அவள் யோசித்தாள். அது அவளை விட்டுப் போய்விட்டிருந்தது. "கப்பலுக்கு ஏன் டீச்சர் பிரேக் இல்ல?" என்று கேட்டாள்.

10

முடிவை எழுத வேண்டும். அந்தக் கன்று பிழைத்து வளருமா, ரோட்டில் இன்னொரு வண்டிக்கு முன்னால் போகுமா, எனக்குத் தெரியாது. நேர்ந்தது ஒன்று, கொடுத்தது ஒன்று. சாஸ்தா அதை ஏற்றுக்கொண்டாரா என்பதும் தெரியாது. அவை இரண்டும் உங்கள் பொறுப்பு. மங்கலாக இருக்கிறது என்று வருந்தாதீர்கள். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

ஒரே ஒரு காட்சி மிச்சம். அது யாரும் பார்க்காதது. பார்த்தால் அது வேறாகிவிடும். ஆகவே எழுதுவதற்கு முன் எல்லோரையும் அனுப்பிவிடுகிறேன். அருணாசலவடிவு தம் வீட்டில் கண்ணயர்ந்திருக்கிறார். ஹென்றியை ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஓர் எருமை பார்க்க அனுப்பியாயிற்று. டயானா பள்ளிக்கூடத்தில். நான் மில்லர்புரத்தில், ஜன்னல் சாத்திய அறையில், இந்தத் தாளுக்கு முன்னால். இனி நீங்கள் மட்டும்தான்.

மத்தியானம். பூசாரி கம்பிக் கதவைப் பூட்டிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். குளத்தங்கரை முழுக்க வெயில். வரப்பில் ஒரு பெண் வருகிறாள். கையில் தூக்குவாளி, அதன் மேல் ஈரத்துணி. கோயிலை நோக்கிக் கும்பிடவில்லை. நேராகப் பூவரசுக்குப் போகிறாள். கன்று நொண்டிக்கொண்டு எதிரே வருகிறது. அவள் குந்தி உட்கார்ந்து, துணியை எடுத்துவிட்டு, விரலைப் பாலில் நனைத்து அதன் வாய்க்குள் கொடுக்கிறாள். கன்று சப்புகிறது. விரலை மெல்ல மெல்லத் தாழ்த்துகிறாள். அதன் முகம் விரலோடு பாலுக்குள் இறங்குகிறது.

இனி நீங்களும் திரும்பிக்கொள்ளுங்கள்.